கம்பி கட்டிய கைப்பிரேக்

ஜனவரி 16, செவ்வாய்

கோபத்தை உள்ளே வைத்துப் பூட்டக் கூடாதாம், எழுதித் தள்ள வேண்டுமாம். டாக்டர் சொன்னார் என்று என் மகன் செழியன் இந்த டைரியை வாங்கி வந்து நீட்டினான். பிரஷர் நூற்று எழுபது என்றால் மாத்திரையைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதுதானே? அறுபத்தாறு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

சரி, எழுதுகிறேன். மாட்டுப் பொங்கலும் அதுவுமாகச் சோறு பாதி வெந்திருக்கும்போது காஸ் தீர்ந்தது. புது சிலிண்டரை நானே உருட்டி வந்து மாட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மாட்டித் தரவேண்டிய மனிதர் எட்டு மாதத்துக்கு முன்னால் நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டார்.

அவர் எனக்கு விட்டுப் போன சொத்து கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி. நிறைய போட்டோ. என்ன போட்டோ? கூட்ஸ் வண்டியின் வாலில் ஒட்டிக்கொண்டு போகுமே ஒரு சின்னப் பெட்டி, கார்டு உட்கார்ந்து வருவாரே, பிரேக் வேன், அதுதான். என் வீட்டுக்காரர் பரஞ்சோதி கூட்ஸ் கார்டு. எந்த வேனில் வேலை பார்த்தாலும் கீழே இறங்கி நின்று ஒரு படம் எடுத்துவிடுவார். படத்தின் பின்னால் தேதி, வேன் நம்பர், ஒரு வரிக் குறிப்பு.

பெண் பார்க்க வந்தபோதே தோளில் கேமராவோடு வந்த மனிதர். என்னை ஒரு படம் எடுத்தாரா? நாற்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் என் படம் ஒன்றே ஒன்றுதான், கூடத்தில் மாட்டியிருப்பது. அதுவும் செழியனின் முதல் பிறந்தநாளுக்கு நான் சண்டை போட்டு ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனதால் வந்தது. டப்பா வண்டிகளுக்கு வாய்த்த யோகம் எனக்கு வாய்க்கவில்லை.

எழுதினால் கோபம் குறையும் என்றார்கள். ஏறுகிறது.

ஜனவரி 18, வியாழன்

செழியன் வரதப்பன் சாரை அழைத்து வந்தான். நம் வேலாங்குளம் ஜங்ஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சும்மா இருக்க முடியாமல் ரயில்வே மனமகிழ் மன்ற ஹாலில் பழைய பிரேக் வேன் படங்களின் கண்காட்சி வைக்கிறாராம். பிப்ரவரி நாலாம் தேதி திறப்பு.

"இப்ப நிறைய கூட்ஸ்ல பிரேக் வேனே கிடையாதும்மா. கார்டுங்கிற பேரையே மாத்திட்டாங்க. சார் எடுத்த மாதிரி யாரும் எடுத்து வைக்கல. பொக்கிஷம்" என்றார்.

பொக்கிஷத்துக்குக் கீழே ஒட்டும் குறிப்பு அட்டைகளை நான்தான் எழுத வேண்டுமாம். தாலுகா ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் ரேஷன் கார்டு எழுதிய கை. அழகான கையெழுத்து என்று ஊரே சொல்லும். சொன்னவர்கள் யாரும் அதற்காக ஒரு காப்பி வாங்கிக் கொடுத்ததில்லை.

போகும்போது வரதப்பன் சார் ஒரு கேள்வி கேட்டார். "எண்பத்தி நாலு பிப்ரவரிக்கு அப்புறம் ஒரு படம்கூட இல்லையே. ஏம்மா நிறுத்திட்டாரு?"

"பிலிம் விலை ஏறிப்போச்சு" என்றேன்.

ஜனவரி 19, வெள்ளி

குக்கர் காஸ்கெட் போய்விட்டது. கடைக்காரன் வேறு அளவைத் தலையில் கட்டிவிட்டான். திரும்பப் போய் அவன் கல்லாவின் மேலேயே அதை வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

சந்தையில் பிலோமினாவைப் பார்த்தேன். கத்தரிக்காய்க் கூடைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். என்னைத் தாண்டிப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். நாற்பது வருஷமாக இதே பார்வை. ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு. நடுவில் ஒற்றைச் சுவர். அவள் வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் எனக்குப் பசிக்கும். செழியனை என்னைவிட அதிக நேரம் இடுப்பில் வைத்திருந்தவள். அப்படிப்பட்டவள் என்னைச் சுவராகப் பார்க்கிறாள். நான் என்ன பாவம் செய்தேன் இவளுக்கு? புருஷனுக்கு வேலை போனால் பக்கத்து வீட்டுக்காரியா பொறுப்பு?

கத்தரிக்காய் வாங்காமலே வந்துவிட்டேன். ராத்திரிக்கு ரசம்.

ஜனவரி 23, செவ்வாய்

இதுவரை எழுபது அட்டை எழுதியாகிவிட்டது. "வேன் புது வர்ணம்." "மழை. கூரை ஒழுகல்." "சைடு லாம்ப் கண்ணாடி புதுசு." இதையெல்லாம் குறித்து வைத்த மனிதருக்கு என் பிறந்தநாள் தெரியாது.

ஒரு படம் சரியில்லை. ஆடிப்போயிருக்கிறது. தனியாக எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் அரிசியை இரண்டு தடவை அளந்து போட்டுவிட்டேன். மாத்திரை போட்டேனா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னொன்று போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 24, புதன்

வரதப்பன் சார் வந்தார். ஹால் வாசலில் ஒரு பெரிய மரப் பலகை வைக்கப் போகிறார்களாம். இந்த ஜங்ஷனில் வேலை பார்த்த கார்டுகள் அத்தனை பேரின் பெயரும் வெள்ளை பெயின்ட்டில். என் வீட்டுக்காரர் பெயர் மேலிருந்து நாலாவது.

"ஒரு சங்கடம்மா. அமலதாஸ் சம்சாரம் பிலோமினா மூணு நாளா வந்து நிக்கிறாங்க. அவர் பேரையும் போடணுமாம். டிஸ்மிஸ் ஆனவர் பேரை எப்படிம்மா போடறது? ஒரு உசுரு போன கேஸு. நீங்க அவங்களுக்குப் பழக்கமாச்சே, என்ன சொல்றீங்க?"

"போடாதீங்க" என்றேன்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு அந்த டம்ளரை மூன்று தடவை தேய்த்தேன். என்னிடம் ஏன் கேட்டார்? ஊரில் வேறு ஆளே இல்லையா?

ஜனவரி 25, வியாழன்

ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அப்புறம் யாரும் கேட்க வேண்டாம்.

1984 பிப்ரவரி 11, சனிக்கிழமை. என் வீட்டுக்காரர் ஒரு கூட்ஸ் வண்டியைக் கொண்டுவந்து நம் ஜங்ஷனில் அமலதாஸிடம் ஒப்படைத்தார். வண்டி அதே, வேன் அதே, கார்டு மட்டும் மாறுவார். மாறும்போது புதிதாக ஏறும் கார்டு கைப்பிரேக் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அமலதாஸ் போட்டார்.

பாறைமேடு ஸ்டேஷன் சரிவில் இருக்கிறது. என்ஜினைக் கழற்றித் தண்ணீர் பிடிக்கக் கொண்டுபோனார்கள். அந்த நேரத்தில் வேகன்களை நிறுத்தி வைப்பது கார்டின் கைப்பிரேக்தான். நிற்கவில்லை. பின்னோக்கி உருண்டு இரண்டு மைல் ஓடி, தண்டவாளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த செல்லையா என்ற கேங்மேன் மேல் ஏறிக் கவிழ்ந்தது. அமலதாஸ் குதித்ததால் பிழைத்தார். வேன் சுக்குநூறு.

பிரேக் பிடிக்கவில்லை என்றார் அமலதாஸ். நன்றாக இருக்கிறது என்று நீதானே எழுதியிருக்கிறாய் என்றார்கள். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் ஒப்படைக்கும்போது நன்றாக இருந்தது என்றார். அமலதாஸுக்கு வேலை போனது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள்.

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டவன்தானே பொறுப்பு?

அவர்கள் சாமான் ஏற்றிய அன்று என் வீட்டில் அடுப்பு வேலை இருந்தது. வெளியே வர முடியவில்லை.

ஜனவரி 26, வெள்ளி

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. லீவு நாள் என்று மெக்கானிக் போனை எடுக்கவில்லை. குடியரசு வாழ்க.

ஜனவரி 27, சனி

செழியன் ஸ்டூலைப் போட்டு ஏறி, கூடத்தில் இருந்த ஸ்டுடியோ போட்டோவைக் கழற்றினான். கண்காட்சி வாசலில் 'புகைப்படக் கலைஞர் தம் குடும்பத்துடன்' என்று மாட்டப் போகிறானாம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"ஏம்மா, அப்பா கட்டைவிரல்ல என்ன கட்டு?"

"எங்க?"

"இங்க பாரு. என் முதுகுக்குப் பின்னாடி மறைச்சு வச்சிருக்காரு. வெள்ளைத் துணி."

பின்பக்கம் திருப்பினான். ஸ்டுடியோ முத்திரை. 11-2-84.

"இந்தத் தேதியை எங்கயோ பாத்தேனே..." என்றான்.

"உன் பொறந்தநாளுக்குப் பக்கத்துல எடுத்ததுடா. வேற எங்க பாப்ப? இறங்கு, ஸ்டூல் ஆடுது" என்று கத்தினேன். ஸ்டூல் ஆடவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

இரண்டு நாளாக உப்பு கூட, புளி குறைய என்று சமையல் நாறுகிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது நாற்பது வருஷமாகக் குறுகுறுக்கவே இல்லை, கத்திக்கொண்டே இருந்ததால் எனக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

அந்தப் படம் ஆடிப்போகவில்லை. துவரம்பருப்பு டப்பாவில் இருக்கிறது. எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வேனின் உட்புறம். நடுவில் கைப்பிரேக் சக்கரம். அது அசையாதபடி அடிப்பக்கத்தில் இரும்புக் கம்பியால் சுற்றி, பக்கத்துத் தூணோடு முறுக்கியிருக்கிறது. பின்னால் அவர் கையெழுத்து. "11-2-84. வேன் 20417. கைப்பிரேக் ராடு கட். கம்பி போட்டது."

அன்று காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது நான் வாசலில் நின்று சொன்னேன். "இன்னிக்கும் அந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு அழுதுட்டு லேட்டா வந்தீங்க, புள்ளையைத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். ஆறு மணிக்கு ஸ்டுடியோ."

ஐந்தரைக்கே வந்துவிட்டார். கட்டைவிரல் கிழிந்து ரத்தம். மஞ்சள் வைத்து, வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினேன்.

"பிரேக் ராடு அத்துப்போச்சு வல்லி. எழுதி வச்சா வேனைக் கழட்டுவாங்க. வேற வேன் வர்ற வரைக்கும் நான் எட்டு மணி வரை நிக்கணும். சக்கரம் சும்மா சுத்திச்சு, அடிப்பக்கமாக் கம்பி போட்டுக் கட்டிட்டேன், கண்ணுக்குத் தெரியாது. பிடிச்சுப் பாத்தா இறுக்கமாத்தான் இருக்கும். அமலதாஸ்கிட்ட எல்லாம் சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன். அடுத்த பெரிய ஸ்டேஷன்ல எவனாவது பாத்து மாத்திடுவான்."

கார்டுகளுக்குள் இது வழக்கம்தான். பழுதான வேனை எழுதாமல் அடுத்தவன் தலையில் கட்டுவது. ஆளுக்கு ஆள் கட்டி, கடைசியில் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது.

நான் என்ன சொன்னேன்? "நல்ல வேளை. சட்டையை மாத்துங்க, நேரமாச்சு" என்றேன். போட்டோவில் சிரித்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு நேராக ஆபீஸுக்குக் கிளம்பினார், உண்மையைச் சொல்ல. நான்தான் செழியனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் குறுக்கே நின்றேன். "செத்தவன் திரும்பி வரப்போறானா? உங்களுக்கு வேலை போனா இந்தப் புள்ளையை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? கேட்டா நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க. வாயைத் தொறக்காதீங்க."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அந்த மாதமே கேமராவை விற்றுவிட்டார். பிலிம் விலை எல்லாம் ஏறவில்லை.

அவர் மேல் எனக்கு என்ன கோபம் தெரியுமா? மறைக்கிறவன் இந்தப் படத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். சொல்கிறவன் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் தேதி வரிசையில் அடுக்கி, கட்டிலுக்கடியில் வைத்து, மேலே படுத்துத் தூங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நான் படித்தாக வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். சோற்றை அவர் தின்றுவிட்டார். பூசணிக்காய் என் இலையில்.

போடாதீங்க என்று சொன்னேனே. நாலு நாளைக்கு முன்னால். அந்த வாயாலேயே.

ஜனவரி 30, செவ்வாய்

பிலோமினா வீட்டுக்குப் போனேன். கோயில் தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், வாசற்படியில் குறுக்கே நின்றது வரை. படத்தைக் கொடுத்தேன்.

கீரைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கிட்டே வைத்துப் பார்த்தாள். எட்ட வைத்துப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"திருப்பிப் பாத்திருக்காரு" என்றாள்.

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. சக்கரத்தைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தேன், இறுக்கமா இருந்துச்சு பிலோன்னு சொன்னாரு. எவனும் நம்பல. நானும் நம்பல வல்லி. பாக்காமயே கையெழுத்துப் போட்டுட்டு இப்ப பொய் சொல்றாருன்னுதான் நினைச்சேன். போகப் போக அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. சாகற வரைக்கும், பதினஞ்சு வருஷம், சாப்பிட உக்காந்தா கையை இப்படித் திருப்பித் திருப்பிப் பாப்பாரு. நான் தொட்டேனா, தொடலையா பிலோன்னு என்னைக் கேப்பாரு. தொடலன்னு ஒருநாள் கத்திட்டேன். அதுக்கப்புறம் கேக்கல."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் வேணாம்" என்றாள், கீரையைப் பார்த்துக்கொண்டே. "மன்னிப்பு குடுத்தா வாங்கிட்டுப் போய் நீ நல்லாத் தூங்குவ. தூங்காத. உன் கையெழுத்து அழகா இருக்குமில்ல? எழுதி ஊர் பாக்க மாட்டு. எல்லாத்தையும் எழுது. செத்துப்போன கேங்மேன் பேரையும் எழுது. எல்லாரும் நம்ம கதையையே பேசிக்கிட்டிருக்கோம், உசுரு அவன்தானே விட்டான்."

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வழியெல்லாம் எனக்குக் கோபம். அவள் திட்டியிருக்கலாம். முறத்தால் அடித்திருக்கலாம்.

பிப்ரவரி 1, வியாழன்

செழியனிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் படத்தைப் பார்த்தான். அப்புறம் குதித்தான்.

"செத்துப்போன மனுஷனை நடுத்தெருவுல நிறுத்தப் போறியா? அப்பா மானம் என்ன ஆகும்?"

"உங்கப்பா மானத்துக்கு நாற்பது வருஷம் வாடகை குடுத்தது பக்கத்து வீட்டுக்காரங்க."

"உனக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாதும்மா. டைரில எழுது, அதுக்குத்தானே வாங்கிக் குடுத்தேன்!"

"எழுதிட்டேன். படி" என்று இந்த நோட்டை அவன் முன்னால் வீசினேன்.

படித்தான். ஸ்டுடியோ போட்டோவில் தான் உட்கார்ந்திருந்த மடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடாமல் போய்விட்டான். அவனுக்காக வறுத்த வாழைக்காய் அப்படியே ஆறிக் கிடக்கிறது. போகட்டும். இந்தக் கோபம் அவனுக்கு நியாயமாக வந்தது, இந்த வீட்டில் முதல் முறையாக.

பிப்ரவரி 3, சனி

வரதப்பன் சார் ஒத்துக்கொள்ளவில்லை. "கண்காட்சியா, விசாரணையாம்மா இது? திறப்பு விழாவுக்குப் பெரியவங்கல்லாம் வர்றாங்க" என்றார். அப்படியானால் என் வீட்டுக்காரர் எடுத்த ஒரு படமும் மாட்டக் கூடாது, பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். சுவரில் ஏற்கெனவே ஆணி அடித்து முடித்திருந்தார். ஆணிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூலையில் மாட்டலாமா என்றார்.

"நடுவுல" என்றேன்.

அட்டையை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது:

பிரேக் வேன் 20417. 11-2-1984 பிற்பகல். கைப்பிரேக் உடைந்திருந்தது. அதை எழுதி வைக்காமல் கம்பியால் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர், படம் எடுத்த கார்டு பரஞ்சோதி. தெரிந்தும் அவர் வாயை அடைத்தவர், மனைவி சௌந்தரவல்லி. பிரேக்கை முறைப்படி தொட்டுப் பார்த்தும் வேலை இழந்தவர், கார்டு அமலதாஸ். உயிர் இழந்தவர், கேங்மேன் செல்லையா.

கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு

காலையில் திறப்பு. செழியன் வரமாட்டான் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் வந்து, ஸ்டுடியோ போட்டோவை வாசலிலிருந்து கழற்றி அந்தப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். கட்டைவிரல் தெரிகிற மாதிரி விளக்கைத் திருப்பி வைத்தான். நான் நின்ற பக்கம் வராமல் வாசலுக்குப் போனான்.

கூட்டம் எல்லாப் படங்களையும் தாண்டி நடுவில் வந்து நின்றது. படித்தார்கள். திரும்பி என்னைப் பார்த்தார்கள். ரிட்டயர் ஆன இரண்டு கார்டுகள் படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே போனார்கள். எத்தனை வேனில் எத்தனை கம்பி கட்டினார்களோ.

பதினோரு மணிக்கு பிலோமினா வந்தாள். வெள்ளைப் புடவை, கோயிலிலிருந்து நேராக. அட்டையை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தொட்டுப் பார்த்தும் என்ற இடத்தில் விரல் நின்றது. இன்னொரு முறை படித்தாள். பிறகு வாசலுக்குப் போய்ப் பெயர்ப் பலகையின் முன்னால் நின்றுகொண்டாள். நகரவில்லை.

வரதப்பன் சார் கையைப் பிசைந்தார். "கமிட்டில வச்சுத்தாம்மா முடிவு பண்ணணும். அடுத்த கூட்டம்..."

பெயின்டர் விட்டுப் போன டப்பாவும் பிரஷும் பலகைக்கடியிலேயே இருந்தன. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து எடுத்தேன். கடைசிப் பெயருக்குக் கீழே இடம் இருந்தது. ரேஷன் கார்டு எழுதிய கை, இவ்வளவு பெரிய எழுத்து எழுதிப் பழக்கமில்லை. ச. அமலதாஸ் என்று எழுதி முடித்து நிமிர்ந்தேன்.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு பிலோமினா இன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கோணுது" என்றாள். "அழிச்சிட்டு நேரா எழுது."

முந்தானையால் துடைத்துவிட்டு, மறுபடியும் எழுதினேன்.